கழுநீரா, போர் தண்ணீரா: செடிக்கு ஊற்றுவதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எப்படியும் தண்ணீரில் வந்து நிற்கும். அரிசி களைந்த தண்ணீர் ஊற்றினேன், ரோஜா பூத்துத் தள்ளுகிறது என்பார் ஒருவர். புளித்த மோர் விட்ட பிறகுதான் கறிவேப்பிலை தழைந்தது என்பார் இன்னொருவர். குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மிஷினிலிருந்து வரும் கழிவு நீரைத்தான் மூன்று வருடமாக ஊற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை என்பார் மூன்றாமவர். யாரும் பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை ஊற்றாமல் விட்டிருந்தால் அதே செடி எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. வாளியில் பிடித்து வைத்தால் ஓரத்தில் வெள்ளையாகப் படியும். மிளகாய்ச் செடிகளில் பாதிக்கு அந்த போர் தண்ணீரையும், சமையலறைக்குப் பக்கமாக இருந்த மீதிச் செடிகளுக்கு அரிசி களைந்த கழுநீரையும் ஊற்றி வந்தேன். போர் தண்ணீர் குடித்த செடிகளில் இலை நுனி கருகியது. கழுநீர் குடித்தவை பச்சைப்பசேல் என்று நின்றன. கழுநீரில் இருக்கும் சத்துதான் காரணம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, “அரிசிய எந்தத் தண்ணியில களையறே?” என்று கேட்டார். குழாயில் வரும் நல்ல தண்ணீரில்தான் என்றேன். “அப்ப அந்த நல்ல தண்ணிய அரிசி போடாம அப்படியே ஊத்திப் பாத்தியா?”

பார்த்ததில்லை. அடுத்த முறை ஊற்றிப் பார்த்தேன். வெறும் நல்ல தண்ணீர் குடித்த மிளகாய், கழுநீர் குடித்த மிளகாய்க்குக் கொஞ்சமும் இளைக்கவில்லை. இரண்டு வருடமாக நான் கழுநீருக்குக் கொடுத்த பெருமையில் பெரும்பங்கு, உப்பில்லாத தண்ணீருக்குச் சேர வேண்டியது.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான் ஒழுங்காகச் சோதனை செய்யக் கற்றுக்கொண்டேன். பெரிய செலவு கிடையாது, ஒரு மாதம் பொறுமை வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் நான் தட்டிய இடங்களில் தட்ட வேண்டாம் என்பதற்காக, செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குச் செய்யும் பிள்ளைகளுக்கும் இதே முறை போதும்.

முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

“எந்தத் தண்ணீர் நல்லது?” என்பது சோதிக்கக்கூடிய கேள்வி ஆகாது. “ஒரே குழாய்த் தண்ணீரை வெறுமனே ஊற்றுவதற்கும் அதில் அரிசி களைந்து ஊற்றுவதற்கும், 25 நாளில் முளைக்கீரையின் எடையில் வித்தியாசம் வருகிறதா?” என்பது சோதிக்கக்கூடிய கேள்வி. என்ன செடி, எத்தனை நாள், எதை அளக்கப் போகிறோம், எதோடு ஒப்பிடப் போகிறோம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும்.

ஒப்பிடும் தொட்டிதான் இதில் உயிர். நான் அதை ‘வெறும் தண்ணீர்த் தொட்டி’ என்று சொல்வேன். எந்தத் தண்ணீரில் கரைசலைத் தயாரிக்கிறீர்களோ அதே தண்ணீர்தான் வெறும் தண்ணீர்த் தொட்டிக்கும் போக வேண்டும். கழுநீர், மோர்க் கரைசல், பஞ்சகவ்யம் எல்லாம் ஒரே குடத்துத் தண்ணீரில் கலக்கப்பட வேண்டும். போர் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையுமே ஒப்பிட வேண்டுமானால் அது தனிக் கேள்வி. அதில் அரிசியோ மோரோ வரக்கூடாது.

உப்பு அளக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிவிடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 500, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. உங்கள் போர் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த மீட்டர் மின்சாரம் கடத்தும் உப்புகளை மட்டுமே பார்க்கும். கஞ்சியும் சர்க்கரையும் அதன் கண்ணில் படாது. கழுநீரில் எண் குறைவாகக் காட்டுகிறது என்பதால் அதில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை.

செடி: பயறு வேண்டாம், கீரை போதும்

எல்லோருக்கும் முதலில் கை போவது பச்சைப்பயறுக்குத்தான். இரண்டே நாளில் முளைக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் தண்ணீரின் சத்தை ஒப்பிட அது தோதான செடி அல்ல. பயறு தன் பருப்பிலேயே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வருகிறது. முதல் வாரம் பத்து நாளைக்கு அதைத் தின்றே வளரும். நீங்கள் என்ன ஊற்றினாலும் அதன் பாட்டுக்கு எழும். அந்தச் சோறு தீர்ந்த பிறகும், பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கத் தொடங்கும். வெந்தயமும் இதே இனம்தான்.

முளைக்கீரை, தண்டுக்கீரை விதைகள் கடுகை விடச் சிறியவை. கையிருப்பு கிடையாது. முளைத்த சில நாளிலேயே மண்ணையும் நாம் ஊற்றுவதையும் நம்பித்தான் அவை வாழ வேண்டும். அதனால் வித்தியாசம் இருந்தால் சீக்கிரம் தெரியும். 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். எல்லா விதையும் ஒரே பாக்கெட்டிலிருந்து வரட்டும்.

பயறைப் பயன்படுத்த இன்னொரு நல்ல இடம் இருக்கிறது. முளைப்பை மட்டும் சோதிக்க வேண்டுமானால், தட்டில் ஈரத்துணி விரித்து, தட்டுக்கு 25 பயறு என்று வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒவ்வொரு நீர் தெளித்து, மூன்றாம் நாள் முளைத்தவற்றை எண்ணலாம். உப்புத் தண்ணீருக்கு இது நன்றாக வேலை செய்யும்.

மண்ணும் தொட்டியும்

அரைக்கிலோ தயிர் டப்பா, நர்சரி கவர், எதுவானாலும் சரி. எல்லாம் ஒரே அளவாக, அடியில் ஒரே எண்ணிக்கையில் ஓட்டையோடு இருக்க வேண்டும். வெள்ளை டப்பாவையும் கறுப்பு கவரையும் கலக்காதீர்கள். மாடி வெயிலில் கறுப்பு கவரின் மண் அதிகம் சுடும்.

மண்கலவையில் புதியவர்கள் செய்யும் தவறு, நல்ல மண்ணாகப் போடுவது. மண்புழு உரமும் தொழு உரமும் நிறையச் சேர்த்த மண்ணில் செடிக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே இருக்கும். வயிறு நிறைந்தவனுக்கு எந்தச் சாப்பாடு ருசி என்று கேட்பது போல ஆகிவிடும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, தொழு உரம் ஒரு கைப்பிடி. தென்னை நார்க்கழிவைத் தவிர்த்துவிடுங்கள். சரியாகக் கழுவாத கட்டிகளில் உப்பு இருக்கும், உங்கள் தண்ணீர்க் கணக்கைக் குழப்பும்.

மொத்த மண்ணையும் ஒரே குவியலாகக் கொட்டி, மண்வெட்டியால் மூன்று முறை புரட்டிக் கலந்த பிறகு, தொட்டிக்கு 600 கிராம் என்று எடை போட்டு நிரப்புங்கள். கண்ணளவு வேண்டாம். நான் முதல் முறை கண்ணளவில் நிரப்பிவிட்டுப் பிறகு எடை பார்த்தேன், தொட்டிக்குத் தொட்டி நூறு கிராம் வரை வித்தியாசம் இருந்தது.

எத்தனை தொட்டி?

ஒவ்வொரு நீருக்கும் ஐந்து. இதில் பேரம் பேசாதீர்கள். ஏன் ஐந்து என்பதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் இதே கேள்வியைப் புதினா இனச் செடியை வைத்துச் சோதித்து 1699-ல் வெளியிட்டார். மண்ணே இல்லாமல், கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு தண்ணீர் ஊற்றிச் செடியை நிறுத்தினார். வைக்கும்போது ஒரு எடை, எடுக்கும்போது ஒரு எடை. அளவு ‘கிரெயின்’, ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். மழைநீரில் நின்ற செடி 17.5 கிரெயின் கூடியது. தேம்ஸ் ஆற்று நீரில் நின்றது 26 கூடியது. இன்னொரு தொகுதியில் லண்டனின் ஹைட் பார்க் வாய்க்கால் நீர் மட்டும் குடித்த இரண்டு செடிகள் 128, 139 கிரெயின் கூடின. அதே நீரில் தோட்டத்து மண் கொஞ்சம் கலந்து வைத்த இரண்டு செடிகள் 168, 284. செடி தண்ணீரால் மட்டும் ஆனதல்ல, தண்ணீரில் வரும் மண்சத்தும் அதற்கு வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். சரியான முடிவுதான்.

ஆனால் அந்தக் கடைசி இரண்டு எண்களைப் பாருங்கள். 168, 284. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் நீர்தான். இரண்டிலும் தோட்டத்து மண் கலந்திருந்தது, அப்படியும் ஒன்று மற்றதை விட நூற்றுக்கும் மேல் கூடியிருக்கிறது. செடிகள் அப்படித்தான். ஒரு தொட்டி கழுநீர், ஒரு தொட்டி வெறும் தண்ணீர் என்று வைத்து ஒன்று உயரமாக வந்தால், அது கழுநீரின் வேலையா, அந்த விதையின் குணமா என்று எந்த வழியிலும் சொல்ல முடியாது. ஒரே நீர் குடித்த தொட்டிகள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அதைத் தாண்டிய வித்தியாசம்தான் தண்ணீருடையது.

நான்கு நீர் என்றால் இருபது தொட்டி, கூடவே உபரியாக நாலைந்து. முதல் தடவைக்கு நான்குக்கு மேல் போகாதீர்கள். ஏழெட்டு நீரைத் தொடங்கிவிட்டுப் பத்தாம் நாள் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

என்ன என்ன ஊற்றலாம்

வெறும் தண்ணீர் கட்டாயம். மீதி மூன்றை உங்கள் வீட்டில் தினமும் கிடைப்பதிலிருந்து எடுங்கள்.

அரிசி களைந்த தண்ணீர்: ஒருநாள் கெட்டியாக, ஒருநாள் நீர்த்து வந்தால் பயனில்லை. 100 கிராம் அரிசிக்கு 500 மி.லி. தண்ணீர், முதல் களைச்சல் மட்டும், ஒரே ரக அரிசி, அன்றன்றைக்கு ஊற்றிவிட வேண்டும். புளிக்க வைத்து ஊற்றுவது வேறு நீர். அதற்குத் தனியாக ஐந்து தொட்டி. கழுநீரில் மாவுச்சத்தும் கொஞ்சம் தாது உப்புகளும் இருக்கின்றன. மாவுச்சத்தைச் செடி நேராக எடுத்துக்கொள்ளாது, மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் தின்னும். அவை பெருகும்போது மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளும். அதனால் சத்துக் குறைந்த மண்ணில் கெட்டியான கழுநீர் தொடர்ந்து விட்டால் கொஞ்ச நாளைக்கு இலை வெளிறவும் கூடும். மேல்மண்ணில் வெள்ளைப் பாடை கட்டுவது, சின்னக் கறுப்பு ஈக்கள் மொய்ப்பது இவற்றையும் நோட்டில் எழுதுங்கள். அதுவும் முடிவுதான்.

ஆர்.ஓ. கழிவு நீர்: இதன் கணக்கு எளிது. மிஷினுக்குள் 4 லிட்டர் போய் 1 லிட்டர் நல்ல தண்ணீராக வருகிறது என்றால், நான்கு லிட்டரின் உப்பு ஏறக்குறைய முழுவதும் மீதி மூன்று லிட்டரில் இருக்கிறது. உள்ளே போனது 800 டிடிஎஸ் என்றால் வெளியே வருவது சுமார் 1070. இதற்கு ஒப்பிட வேண்டியது, மிஷினுக்குள் போகும் தண்ணீர். வெளியே வரும் குடிநீரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், ஆனால் நீங்கள் குடிநீரையா செடிக்கு ஊற்றப் போகிறீர்கள்?

மோர்க் கரைசல்: லிட்டருக்கு 50 மி.லி. புளித்த மோர், உப்புப் போடாதது. பஞ்சகவ்யம் என்றால் லிட்டருக்கு 30 மி.லி., அதாவது வழக்கமாகச் சொல்லும் 3 சதவீதம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய முறையைப் பின்பற்றும் விவசாயிகள் தெளிப்பதும் இந்த அளவில்தான். இந்த இரண்டையும் வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், மற்ற நாட்களில் வெறும் தண்ணீர்.

மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதையும் சேர்க்கலாம். மொட்டைமாடித் தரையில் ஓடி வந்ததைத் தவிர்த்து, திறந்த வெளியில் அண்டா வைத்து நேராகப் பிடித்ததாக இருக்கட்டும்.

துணி துவைத்த தண்ணீரைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சோதிக்கலாம், ஆனால் அந்தக் கீரையைச் சாப்பிடாதீர்கள். சலவைத் தூளில் சோடியம் அதிகம். களிமண் பாங்கான மண்ணில் அது துகள்களைப் பிரித்து, மேலே ஏடு போல இறுகச் செய்யும். பள்ளிப் பிள்ளைகள் கோலா, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஆசைப்படுவார்கள். கோலா வகை பானங்களில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. மண் ஈரத்தில் அவ்வளவு சர்க்கரை கரைந்திருந்தால் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் நனைந்திருக்கும், செடி வாடி நிற்கும். சவ்வூடு பரவலைப் பாடத்தில் படிக்கும் பிள்ளைக்கு அதை நேரில் காட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இரண்டே தொட்டியில் தனியாகச் செய்யுங்கள். எறும்பு வரும்.

கலந்து வைக்கும் நீர் எதையும் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வேறு கேனில், பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

விதைப்பும் சீட்டுக் குலுக்கலும்

தை பிறந்த பிறகு தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் எல்லாத் தொட்டியையும் கழுவிவிடும், நீங்கள் ஊற்றியது எது, வானம் ஊற்றியது எது என்று பிரிக்க முடியாது. அக்னி நட்சத்திர வெயிலில் தரையின் சூடே சின்னத் தொட்டியை வேகவைத்துவிடும்.

கீரை விதையோடு மணல் கலந்து எல்லாத் தொட்டியிலும் தூவி, முளைத்து இரண்டு நல்ல இலை வரும்வரை எல்லாவற்றுக்கும் வெறும் தண்ணீரே தெளியுங்கள். பிறகு தொட்டிக்கு மூன்று கன்று மட்டும் விட்டு மற்றதைக் களைந்துவிடுங்கள். விடும் மூன்றும் எல்லாத் தொட்டியிலும் ஒத்த உயரமாக இருக்கட்டும். உட்வர்டின் குப்பிகளில் இந்தக் குறை இருந்தது. மண் கலந்த நீரில் வைத்த செடிகள் 76, 92 கிரெயினில் தொடங்கின, மண் கலக்காதவை 127, 110-ல் தொடங்கின. சம இடத்தில் தொடங்காத ஓட்டப்பந்தயத்தில் யார் வேகம் என்று சொல்ல அதிகம் கணக்குப் போட வேண்டியிருக்கும். உபரித் தொட்டிகள் இங்கேதான் உதவும்; சரியாக முளைக்காததைத் தூக்கிவிட்டு இதை வைக்கலாம்.

இப்போது இருபது துண்டுச் சீட்டு எழுதுங்கள். ‘அ’ ஐந்து, ‘ஆ’ ஐந்து, ‘இ’ ஐந்து, ‘ஈ’ ஐந்து. எந்த எழுத்து எந்த நீர் என்பது உங்கள் நோட்டில் மட்டும். சீட்டைக் குலுக்கி, முதல் தொட்டியிலிருந்து வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்து, வந்த எழுத்தைத் தொட்டியில் மார்க்கரால் எழுதுங்கள். எழுத்தைப் பார்த்துத் தொட்டியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நமக்குப் பிடித்த நீருக்கு நல்ல கன்றைக் கொடுக்கும் ஆசை நம்மையறியாமல் வரும்.

வைக்கும் இடமும் இதே வரிசைப்படிதான். நான்கு நீரையும் நான்கு வரிசையாக அழகாக அடுக்கினால் கைப்பிடிச் சுவரோரம் இருக்கும் வரிசைக்குக் காலை வெயில் போய்விடும். என் பழைய மிளகாய்ச் செடிகளில் அந்தக் கோளாறும் கலந்திருந்தது: கழுநீர்ச் செடிகள் எல்லாம் சமையலறைப் பக்கம், மதிய வெயில் படாத இடம். தண்ணீர் வேறு, வெயில் வேறு, இரண்டையும் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீட்டுப்படி கலந்து வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை சுவரோரத் தொட்டிகளை நடுவுக்கும் நடுவில் இருப்பவற்றை ஓரத்துக்கும் மாற்றுங்கள். இப்படிக் குலுக்கிப் போட்டு இடம் ஒதுக்குவதை வயல் ஆராய்ச்சியில் நிலைநிறுத்தியவர் ரொனால்டு ஃபிஷர். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919 முதல் வேலை பார்த்தபோது அவர் வகுத்த வழி அது.

எவ்வளவு ஊற்றுவது

பூவாளியால் சுமாராக ஊற்றக் கூடாது. மருந்து அளக்கும் மூடி, சமையல் அளவுக் குவளை, எதுவானாலும் மில்லி கணக்கில் அளந்து ஊற்றுங்கள். எத்தனை மில்லி என்று கண்டுபிடிக்க, உபரித் தொட்டி ஒன்றை நன்றாக நனைத்து, ஒரு மணி நேரம் வடியவிட்டு எடை போடுங்கள். மறுநாள் அதே நேரம் மீண்டும் எடை. குறைந்த கிராம் எவ்வளவோ அத்தனை மில்லி தண்ணீர் ஒருநாளில் போயிருக்கிறது. 80 கிராம் குறைந்தால் 80 மி.லி. அதையே எல்லாத் தொட்டிக்கும், ஒரே நேரத்தில் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. செடி பெரிதாக ஆக இந்த அளவை வாரம் ஒருமுறை திருத்த வேண்டும், திருத்தும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்தே திருத்த வேண்டும்.

இந்த எடை பார்க்கும் பழக்கத்தில் இன்னொரு லாபம். உப்பு நீர் ஊற்றும் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், பல சமயம் மற்றதை விடக் கனமாக இருக்கும். நல்ல ஈரம் காக்கிறது என்று மகிழ வேண்டாம். வேர் தண்ணீரை இழுக்க முடியாமல் திணறுகிறது, அதனால் தண்ணீர் மண்ணிலேயே நிற்கிறது. இலை வாடுவதற்கு முன்பே தராசு இதைச் சொல்லிவிடும்.

உப்பு எவ்வளவு சேருகிறது என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1070 டிடிஎஸ் நீர், நாளைக்கு 100 மி.லி., 25 நாள். மொத்தம் இரண்டரை லிட்டர். கீழே வடியாமல் இருந்தால் அந்த 600 கிராம் மண்ணில் 2.7 கிராம் உப்பு தங்கிவிடும். ஒரு அரை டீஸ்பூன் போல. ஒரு மாதத்தில் இவ்வளவு என்றால் ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில் நிற்கும் எலுமிச்சைக்கு என்ன ஆகும்! அதனால்தான் ஆர்.ஓ. கழிவு நீரைப் பற்றி 25 நாள் கீரைச் சோதனை நல்ல சேதி சொன்னாலும், நான் நீண்ட நாள் செடிகளுக்கு அதை மட்டுமே ஊற்ற மாட்டேன். இடையிடையே மழையோ நல்ல தண்ணீரோ மண்ணைக் கழுவி வடிய வேண்டும்.

அளப்பது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். மண்மட்டத்திலிருந்து குருத்து நுனி வரை உயரம், இலை எண்ணிக்கை, ஒரு புகைப்படம். புகைப்படத்தில் ஸ்கேலும் எழுத்தும் தெரிய வேண்டும். முடிந்தால் எழுத்தின் அர்த்தம் தெரியாத ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பையன்தான் அளப்பான். அவனுக்கு எது கழுநீர் என்று தெரியாது, அதனால் ஸ்கேலை அரை சென்டிமீட்டர் தூக்கிப் பிடிக்க வேண்டிய ஆசையும் கிடையாது.

உயரத்தை மட்டும் நம்பாதீர்கள். நிழலில் இருக்கும் கீரை வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக, வெளிறி, தண்டு மெலிந்து வளரும். ஸ்கேலில் அது ஜெயிக்கும், கட்டாகக் கட்டினால் கைக்கு ஒன்றும் தேறாது. எடைதான் நம்பகமான அளவு. 25-ஆம் நாள் வேரோடு பிடுங்கி, மண்ணை அலசி, துணியில் ஒற்றி, தொட்டிவாரியாக எடை போடுங்கள். ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு இதற்குப் போதாது. நகை எடை போடும் கையடக்கத் தராசு 0.01 கிராம் வரை காட்டும். அது இருந்தால் நல்லது.

பச்சை எடையில் பெரும்பகுதி தண்ணீர். அன்று காலை ஊற்றினீர்களா இல்லையா என்பதே எடையை மாற்றிவிடும். அதனால் பச்சை எடை பார்த்த பிறகு, ஒவ்வொரு தொட்டியின் செடியையும் தனித்தனிச் செய்தித்தாள் கவரில் போட்டு எழுத்தும் எண்ணும் எழுதி, எடை குறைவது நிற்கும் வரை வெயிலில் காய வையுங்கள். இரண்டு நாள் அடுத்தடுத்து ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது. அந்த உலர்ந்த எடைதான் செடி உண்மையில் எவ்வளவு உடம்பு சேர்த்தது என்று சொல்லும்.

வேரையும் பாருங்கள். கழுநீர்த் தொட்டியிலும் வெறும் தண்ணீர்த் தொட்டியிலும் ஒவ்வொரு செடியை எடுத்து வெள்ளைத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால், எண்ணில் வராத பல விஷயம் கண்ணில் படும்: சல்லி வேரின் அடர்த்தி, நிறம், நுனி பழுப்பேறியிருக்கிறதா, மோந்தால் மண் வாசனையா அழுகல் வாசனையா.

கணக்குப் பார்ப்பது

பெரிய புள்ளியியல் வேண்டாம். இரண்டு நீரை எடுத்து, பத்துத் தொட்டியின் உலர்ந்த எடையையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் எழுத்தை எழுதுங்கள். உதாரணத்துக்கு வெறும் தண்ணீர் (அ) 1.8, 2.0, 2.1, 2.3, 2.6 என்றும் கழுநீர் (ஆ) 1.9, 2.2, 2.4, 2.5, 2.9 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி பார்த்தால் கழுநீர் 2.38, வெறும் தண்ணீர் 2.16. கழுநீர் ஜெயித்துவிட்டது என்று தோன்றும். வரிசையில் பார்த்தால் அ, ஆ, அ, அ, ஆ என்று இரண்டும் பின்னிக் கிடக்கும். இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஐந்து ‘ஆ’வும் வரிசையின் மேல் பாதியில், ஐந்து ‘அ’வும் கீழ்ப் பாதியில் துல்லியமாகப் பிரிந்து நின்றால்? பத்துத் தொட்டியில் மேல் ஐந்து இடத்தை எந்த ஐந்து பிடிக்கும் என்பதற்கு மொத்தம் 252 வழி உண்டு. தண்ணீரால் எந்த வித்தியாசமும் இல்லையென்றால், வெறும் தற்செயலாக ஐந்து ‘ஆ’வும் மேலே போய் உட்கார 252-ல் ஒரு வாய்ப்புதான். அப்போது தைரியமாகச் சொல்லலாம். மூன்று மூன்று தொட்டி வைத்திருந்தால் இந்த வழிகள் 20 மட்டுமே. இருபதில் ஒன்று என்பது தாயத்தில் எதிர்பாராமல் விழும் எண் போல, அடிக்கடி நடக்கக்கூடியது. ஐந்து தொட்டிக்கு நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

வித்தியாசம் இல்லை என்று வந்தால் சோதனை வீணாகிவிட்டதாக நினைக்காதீர்கள். புளித்த மோரால் கீரை எடை கூடவில்லை என்று தெரிந்தால், அந்த மோரை நீங்களே குடித்துக்கொள்ளலாம். நல்ல முடிவு வந்தாலும் அது அந்த மண்ணுக்கு, அந்தக் கீரைக்கு, அந்த மாதத்துக்கு வந்த முடிவு. அடுத்த மாதம் அதே சோதனையைத் திரும்பச் செய்து அதே பக்கம் சாய்ந்தால்தான் பக்கத்து வீட்டில் சொல்லத் தொடங்குவேன்.

நோட்டில் தேதி, தண்ணீரின் டிடிஎஸ், மண்கலவை, கலந்த அளவு, மழை பெய்த நாள், செத்துப்போன தொட்டி எல்லாம் இருக்கட்டும். செத்த தொட்டியை மறைக்காதீர்கள், எந்த எழுத்து என்பதோடு எழுதுங்கள். சோதனைக்குப் பயன்படுத்திய மண்ணை அடுத்த சோதனைக்கு எடுக்கக் கூடாது, முந்தைய நீரின் மிச்சம் அதில் இருக்கும். உப்பு நீர்த் தொட்டிகளின் மண்ணை மட்டும் தனியாக ஓட்டைத் தொட்டியில் கொட்டி, நல்ல தண்ணீர் விட்டு இரண்டு மூன்று முறை வடியவிட்டு, பிறகு மற்ற மண்ணோடு கலந்து எருப் போட்டுப் பெரிய தொட்டிகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சலவைத் தண்ணீர் போன மண்ணைப் பூச்செடிக்கு மட்டும் போடுங்கள்.